பெயர் நீக்கிய பேனா



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பேர்பெற்றவை. தோல் பதனிடும் அதே பகுதியில் பீடி சுற்றுதலும் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தந்தை தோல் தொழிற்சாலைக்குச் செல்ல, தாய் திண்ணையில் பீடித் தட்டுடன் அமரும் இல்லங்கள் பல.

1980களின் பிற்பகுதியில், என் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். விதிப்படி பதிவேட்டிலிருந்து அவன் பெயரை நீக்கினேன். சில மாதங்களுக்குப்பின் அவனை ஒரு திண்ணையில் கண்டேன். தாய் இலையில் தூளிட்டுச் சுற்ற, அவன் நூல் கட்டி முனைகளை மடித்துக்கொண்டிருந்தான். "பிள்ளையைப் படிக்க வைக்கலாகாதா, அம்மா?" என்று கடிந்துகொண்டேன்.

"ஐயா, இவங்கப்பா படுத்தப்போ வாங்கின முன்பணம் இன்னும் தீரலைங்க. இவன் கையும் சேர்ந்தாத்தான் ஆயிரம் கணக்கு முடியும்" என்றாள் அவள்.

அந்த ஒரு விடையில் இரண்டு காரணங்கள் அடங்கியிருந்தன.

வறுமையே காரணம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் அது அரை விடையே. ஏழையாயிருந்தும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பலர் உளர். வறுமையோடு கடன் சேரும்போதுதான் குழந்தையின் கை ஈடாகிறது. இவ்வழக்கம் புதியதன்று. குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் கொத்தடிமை முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நோயும் சாவும் வந்தபோது கடன் கொடுக்க வேறு கதவு திறக்கவில்லை. ஆகவே சட்டத்துக்குப் பின்னும் வழக்கம் நீடித்தது.

இரண்டாவது காரணம், எண்ணிக்கைக் கூலி. நாட்கூலி ஒருவருக்குரியது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்னும் கூலியோ வீட்டிலுள்ள கைகளையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. தொழிற்சாலைக்குள் நுழையும் ஆய்வாளர், திண்ணைதோறும் நுழைவது எளிதன்று.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அக்குழந்தையின் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை அளிக்க அரசு முயல வேண்டும் என்றும் கூறியது. குழந்தையை விடுவிக்க வேண்டுமானால் பெரியவருக்கு வருவாய் வேண்டும் என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள்.

பள்ளியும் தன் பங்கை மறைக்கலாகாது. 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இன் சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவும் பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தன. ஆனால், வராத பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டியவர் ஆசிரியர். நான் தேடவில்லை, விதியைப் பார்த்தேன், வீட்டைப் பார்க்கவில்லை.

மறுநாளே அவன் பெயரை மீண்டும் எழுதினேன். அவன் வரவில்லை. என் பேனா பெயரை எழுதிற்று, கடனைத் தீர்க்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் ஓரிடம் ஒரு வாரம் காலியாயிருப்பின், ஏன் என்று கேளுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெயர் நீக்கப்படுவதற்கு முன்னரே அக்கேள்வி எழ வேண்டும்.