அணியின் ஒற்றுமையும் மண் குவளையும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். பிறரோடு சமமாக நிற்கப் பழகுவதும் கல்வியே ஆதலின், இதனைப் பேசத் துணிந்தேன்.

ஓர் அணி ஒற்றுமையாக உள்ளதா எனத் தலைவரைக் கேட்டால், "ஆம்" என்றே விடை வரும். கனடா நாட்டு அறிஞர் ஆல்பர்ட் கேரனும் அவருடன் ஆய்ந்தோரும் 1985-இல் 18 வினாக்களை வகுத்து, உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேட்க வழிசெய்தனர். வெற்றிக்காக இணைந்து உழைப்பது ஒன்று, தோழமையோடு பழகுவது மற்றொன்று என்றும் பிரித்துக் காட்டினர்.

இவ்வேறுபாட்டை நெடுங்காலத்திற்கு முன்பே பட்டறிந்தவர் பல்வாங்கர் பாலு. தீண்டப்படாதார் எனப்பட்ட குலத்தில் பிறந்த அப்பந்துவீச்சாளரைப் புனே இந்து அணியினர் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். தேநீர் வேளையிலோ, அவரை வெளியே நிறுத்தி மண் குவளையில் கொடுத்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. ஆயினும், பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைமைப் பதவி, 1923-இல் அவர் தம்பி விட்டலுக்கே கிட்டிற்று. அந்த அணி ஒற்றுமையானதா? பீங்கான் கோப்பை ஏந்தியவரின் விடை வேறு. மண் குவளை ஏந்தியவரின் விடை வேறு.

நம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு நால்வர் ஆடுவர். அவரவர் பலகை அவரவர்க்கு. பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானிடம் நம் இரண்டாம் அணியின் குகேஷ் தோற்றார், பிரக்ஞானந்தா வென்றார், கணக்கு 2-2 எனச் சமமாயிற்று. இறுதிச் சுற்றில் ஜெர்மனியை 3-1 என வென்று, அவ்வணி வெண்கலம் பெற்றது. ஒருவர் இடறினால் அடுத்தவர் தாங்குவார் என்னும் நம்பிக்கையே அணியின் வலிமை.

இளைஞர்களே! செங்கற்பட்டிலும் கடலோர ஊர்களிலும் கபடிக்கும் கைப்பந்துக்கும் அணி அமைக்கிறீர்கள். உங்கள் ஒற்றுமையை அறிய, ஆடாமல் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரரைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்து உண்ணும்போது தனியே இருப்பவர் யார் என்று பாருங்கள். பிறர் நமக்கு மண் குவளையை நீட்டினால் மறுத்து நில்லுங்கள். நம்மினும் எளியவனுக்கோ, ஆட விரும்பும் நம் தங்கைக்கோ நாம் அதனை நீட்டாதிருப்போம்.