துலக்குதலும் மெழுகுதலும்

குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து ஒளிபெறச் செய்வதைத் துலக்குதல் என்பர். மண் தரையின்மீது சாணத்தைக் கரைத்துப் பூசுவதை மெழுகுதல் என்பர். முன்னது இருப்பதிற் சிறிதை எடுப்பது; பின்னது இல்லாத படலம் ஒன்றைச் சேர்ப்பது. இவ்வேறுபாடு வீட்டு வேலை அறிந்தார் எவர்க்கும் தெரிந்ததே. ஆயின் மோட்டார் வண்டி வைத்திருப்போர் கடைக்குச் சென்றதும் இதனை மறந்துவிடுகின்றனர். பொலிஷ் எனப்படுவது துலக்கும் பொருள். வாக்ஸ் எனப்படுவது மெழுகும் பொருள். இரண்டும் ஒரே தட்டில், ஒரே வடிவான தகரப் பேணிகளில் இருப்பதால், ஒன்றை வாங்க வந்தவர் மற்றதை வாங்கிச் செல்வது வழக்கமாயிற்று.

இம்மயக்கத்தால் விளையும் நட்டம் சிறிதன்று. இன்றைய வண்டியின் தகட்டின்மீது பொதுவாக நான்கு படைகள் உண்டு. கறள் பிடியாது காக்கும் அடிப்பூச்சு, மேற்பரப்பைச் சமப்படுத்தும் இரண்டாம் பூச்சு, நிறம் தரும் தீந்தை, யாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு என்பன அவை. நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்குரோமீற்றர் தடிப்பே இருக்கும். அதில் தெளிபூச்சின் பங்கு ஏறத்தாழ 40 அல்லது 50. மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கே மைக்குரோமீற்றராகும். மனிதரின் தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70 மைக்குரோமீற்றர் தடிப்புள்ளது. ஆகவே, வண்டிக்குரியவர் பெருமையோடு தடவிப் பார்க்கும் அந்த மினுக்கம் முழுவதும் ஒரு மயிரிழையினும் மெல்லிய படையிலேயே தங்கியுள்ளது.

கீறல் என்பது அப்படையில் விழுந்த சிறு பள்ளம். பொலிஷிலுள்ள அலுமினியம் ஒட்சைட்டு முதலிய நுண்துகள்கள் அப்பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்குகின்றன. மேற்பரப்புச் சமமானதும் ஒளி சிதறாது திரும்புகின்றது; கண்ணுக்குக் கீறல் மறைகின்றது. எடுத்த படை எடுத்ததுதான். அது மீள வளராது. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுக்கும் இரசாயனப் பொருள்கள் இத்தெளிபூச்சிலேயே கலந்துள்ளன. படை தேய்ந்து மெலியுந்தோறும் அக்காவலும் குறைகின்றது. கூரையிலும் முன்மூடியிலும் வெண்மையாகத் தோலுரிந்து நிற்கும் வண்டிகளை வீதியில் எவரும் கண்டிருப்பர். அந்நிலை வந்தபின் எந்தப் பொலிஷும் பயன்படாது. புதிதாகப் பூச்சிடுதல் ஒன்றே வழி.

கராஜுகளில் 'கட் அன்ட் பொலிஷ்' என்று விலை கூறிச் செய்யும் வேலை இதுவே. திறமையுள்ளவர் கையில் அது நல்ல வேலைதான். எனினும் ஆண்டுதோறும் பண்டிகைக்குச் செய்யத்தக்கதன்று. நகத்தை மெல்ல ஓட்டும்போது அதனைத் தடுக்கும் கீறல், பொலிஷால் தீராத ஆழமுடையது. அதைத் தேய்த்தே தீர்ப்பேன் என்பவரிடம் வண்டியைக் கொடாதிருத்தல் நன்று. சில பொலிஷ்களில் எண்ணெய்ப் பொருள்கள் கீறலை நிரப்பி மறைக்கவும் செய்யும். அன்று மாலை வண்டி புத்தம் புதியதாகத் தோன்றும்; சில முறை கழுவியதும் பழைய கீறல்கள் திரும்பிவரும். பணம் கொடுத்தவர் பின்னர் வண்டி கழுவிய பையனைக் கடிந்துகொள்வார்.

தெளிபூச்சு முறை 1980ஆம் ஆண்டுகளிலேதான் பரவலாயிற்று. அதற்கு முந்திய வண்டிகள் பலவற்றில் நிறத்தீந்தையே மேற்படையாகும். அத்தகைய வண்டியைப் பொலிஷிட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். தெளிபூச்சுள்ள வண்டியில் அவ்வாறு நிறம் ஒட்டுமாயின், தேய்ப்பவர் தீந்தைவரை இறங்கிவிட்டார் என்பதே பொருள்.

இனி மெழுகு. இதிற் பெரும்புகழ் பெற்றது கார்னோபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையிலிருந்து அது கிடைக்கின்றது. நம் நாட்டுப் பனையைப்போலவே விசிறி ஓலை கொண்ட மரம் அது. வறட்சிக் காலத்தில் தன் ஈரம் போகாதிருக்க அம்மரம் ஓலைமீது மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கின்றது. மக்கள் ஓலையை வெட்டி வெயிலிற் காயவைத்து அடித்து, உதிரும் தூளை உருக்கி வடித்தெடுக்கின்றனர். தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். கார்னோபாவோ 82 பாகைக்கு மேலேதான் உருகும். வெயிலிற் கொதிக்கும் முன்மூடிக்கு அது ஏற்றதாயிருப்பதன் காரணம் இதுவே. தனித்துப் பூசவியலாத கடினம் உடையதாகையால், பேணியிலுள்ளது வேறு மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த கலவையாகும்.

மெழுகின் வேலை அடக்கமானது. மழைநீரையும் கடற்காற்றின் உப்பையும் பறவை எச்சத்தையும் பூச்சின்மீது உடனே பற்றவிடாது சிறிது காலம் தடுக்கும். சில வாரங்களோ மாதங்களோ நின்று தேய்ந்துபோகும், மீண்டும் பூசலாம். செயற்கைப் பல்பகுதியங்களாலான பூச்சுகள் இன்னும் நீண்டு நிற்கும். எதைப் பூசினும் நிழலில், தகடு குளிர்ந்திருக்கையில், மண் துகள் ஒன்றுமின்றிக் கழுவித் துடைத்தபின்னரே பூசுதல் வேண்டும். வண்டியின் கீறல்களிற் பெரும்பாலன விபத்தால் வந்தவையல்ல. புழுதியோடு சேர்த்துத் துடைத்த துணியால் வந்தவை. 'கிளீனர் வாக்ஸ்' என்று எழுதியிருப்பின் அதனுள் தேய்க்கும் பொருளும் இருத்தல் கூடுமென்று கொள்ளல் தகும்.

காபன் இழையாலான பாகங்களுக்கு வருவோம். 1981இல் மக்லாரன் நிறுவனம் பந்தய வண்டியொன்றின் உடற்கூட்டையே அதனால் ஆக்கியபின் அப்பொருள் மோட்டார் உலகிற் புகழ்பெற்றது. அது கறள் பிடியாது என்பது உண்மை. அதனாற் பராமரிப்பும் வேண்டாவென எண்ணுவது பிழை. மயிரினும் பன்மடங்கு மெல்லிய கரிய இழைகளைத் துணிபோல் நெய்து, எப்பொட்சிப் பிசினில் ஊறவைத்து இறுக்கியதே அப்பாகம். இழை வெயிலுக்கு அஞ்சாது, பிசின் அஞ்சும். ஊதாக்கடந்த கதிர் பட்டால் அது மஞ்சளித்து மங்கும். ஆதலால் அதன்மீதும் தெளிபூச்சே இடுகின்றனர். காபனைத் துலக்குகிறோம் என்று நினைப்பவர் உண்மையில் அத்தெளிபூச்சையே துலக்குகின்றார்.

இங்கு ஒரு கூடுதல் இடர் உண்டு. உலோகத் தகட்டின்மீதுள்ள பூச்சின் தடிப்பை அளக்க எளிய மின்காந்தக் கருவிகள் உள்ளன. காபன் பாகத்தில் அவை நம்பத்தக்க அளவு காட்டா. எனவே எவ்வளவு எஞ்சியுள்ளதென்று அறியாமலே தேய்க்க நேரும். தேய்த்துப் பிசின்வரை சென்றால் நெசவின் ஆழ்ந்த தோற்றம் கெடும். இழையைத் தொட்டால் பறக்கும் தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தித் தேய்த்தால் எழும் வெப்பமும் பிசினுக்கு ஆகாது. ஆதலின் காபன் பாகத்துக்கு மெழுகே முதல் தெரிவு. கண்ணை உறுத்தும் கீறல் இருந்தால் மட்டும் மிக மென்மையான பொலிஷைக் கையால் இடலாம். ஏற்கெனவே மஞ்சளித்துவிட்ட பாகத்துக்கு இரண்டுமே பயன்படா.

மங்கல் நிறைவுடைய காபன் பாகங்களும் உண்டு. அவற்றின் மேற்பரப்பு ஒளியைச் சிதறவிடுமாறு வேண்டுமென்றே ஆக்கப்பட்டது. சாதாரண மெழுகிட்டால் திட்டுத் திட்டாக மினுங்கும். பொலிஷிட்டால் அவ்விடம் பளபளத்துவிடும்; அதைப் பழையபடி மங்கலாக்கப் பூச்சையே புதிதாக இடவேண்டிவரும்.