ரிப்போர்ட் மலிவாயிடுச்சு, நாம எதைக் கத்துக்கணும்?

(ஐ.டி. அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்ஜினியரிங் முடிச்ச நம்மள்ல பலருக்கு கன்சல்டிங் கம்பெனி வேலை ஒரு கனவு. அங்கே முதல் ரெண்டு வருஷம் என்ன வேலை? தகவல் திரட்டுறது, எக்செல்ல கணக்குப் போடுறது, ராத்திரி முழிச்சு ஸ்லைடு தயாரிக்கிறது. இப்போ அதையெல்லாம் ஏ.ஐ. செய்யுது. மெக்கின்சி 2023-லேயே 'லில்லி'ன்னு சொந்த ஏ.ஐ. கருவியை ஊழியர்களுக்குக் கொடுத்துடுச்சு.

அப்போ கன்சல்டன்ட்டே வேண்டாமா? அதே வருஷம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பி.சி.ஜி. நிறுவனத்தின் 758 கன்சல்டன்ட்களை வைத்து ஒரு சோதனை நடத்தினாங்க. புதுப் பொருளுக்கு யோசனை சொல்ற மாதிரி வேலைகள்ல, ஏ.ஐ. வச்சிருந்தவங்க 25 சதவீதம் வேகமா முடிச்சாங்க, தரமும் கூடுச்சு. இன்னொரு வேலையில, எக்செல் கணக்கையும் கம்பெனி ஆட்களோட பேட்டியையும் சேர்த்துப் படிச்சு முடிவு சொல்லணும். அதில் ஏ.ஐ. இல்லாதவங்கள்ல 84 சதவீதம் பேர் சரியாச் சொன்னாங்க. ஏ.ஐ. வச்சிருந்தவங்கள்ல 60 முதல் 70 சதவீதம் பேர்தான்.

2025-ல ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகளெல்லாம் மேற்கோளா வந்திருந்துச்சு. ஏ.ஐ. பயன்படுத்தியதை ஒத்துக்கிட்டு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தாங்க.

அதனாலதான் கன்சல்டிங் இப்போ கோச்சிங் பக்கம் நகருது. ஒரு பனியன் கம்பெனி ஓனரை எடுத்துக்குவோம். எந்த ஆர்டர்ல லாபம் இல்லைன்னு ஏ.ஐ. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும். ஆனா அது இருபது வருஷமா ஆர்டர் கொடுக்கிறவரோடது. விடலாமா? அப்பாகிட்ட யார் சொல்றது? 40 தொழிலாளிக்கு வேற வேலை இருக்கா? கோச் இதுக்குப் பதில் சொல்றதில்லை. சரியான கேள்வியைக் கேட்டு, ஓனரே முடிவெடுக்கிற வரைக்கும் கூட நிற்பார்.

இதுல நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. அனுபவம் இல்லாதவங்களை யாரும் கோச்சா ஏத்துக்க மாட்டாங்க. அனுபவம் கிடைச்சதே அந்த ஆரம்ப வேலைகள்லதான். அது போனா, முதல் தலைமுறைப் பட்டதாரி எங்கே போய்க் கத்துக்குவான்? சொந்தக்காரங்க கம்பெனி இருக்கிறவன் தப்பிச்சுக்குவான், மத்தவங்க? இது அரசியல் கேள்வி. படிக்கும்போதே சிறு தொழிற்கூடங்கள்ல சம்பளத்தோட பயிற்சி வேணும்னு நாம பேசணும்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த மாசம் உங்க பகுதியில ஒரு பட்டறைக்கோ கடைக்கோ போங்க. அறிவுரை சொல்லாம, ஒரு மணி நேரம் அவங்க சொல்றதைக் கேட்டு எழுதிட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல அதைப் பத்திப் பேசுவோம்.