கணிப்பொறிக்கும் ஒரு சங்கு வேண்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாள்தோறும் கணிப்பொறியின் முன் கழியும் நேரத்தை வரையறுத்துக் கொள்ளும் வழிகளைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். இலக்கணம் பயின்ற பண்டிதனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று கேட்பீராயின், குற்றம் செய்தவனே அதன் தன்மையை நன்கறிவான் என்பதே என் விடை.

சென்ற ஆண்டு என் அன்னையார் சிற்றூரிலிருந்து எம் இல்லத்திற்கு வந்திருந்தார். அன்றிரவு யான் கணிப்பொறியில் மாணவர்தம் மதிப்பெண்களைப் பதிந்துகொண்டிருந்தேன். அவ்வேலை அரைமணியில் முடிந்தது. பின்னர் ஒன்றைத் தொட்டு ஒன்றாக எதை எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அருகே நெடுநேரம் அமர்ந்திருந்த அவர், "உனக்கு வேல இருக்குது கண்ணு, பொறவு சொல்றேன்" என்று கூறி உறங்கச் சென்றார். விடியற்காலைப் பேருந்தில் ஊர் திரும்பினார். வலக்கண் பார்வை மங்கியதைச் சொல்லவே வந்தாரென்று, பத்து நாள் கழித்து அவர்தம் அண்டை வீட்டார் வாயிலாக அறிந்தேன். கண்புரை நீக்கப்பெற்று இன்று அவர் நலமாயுள்ளார். ஆயினும், என் வீண்பொழுதிற்கு 'வேலை' என்று பெயரிட்டு என்னைப் பொறுத்த அச்சொல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

நிற்க. இயந்திரம் நம்மவர்க்குப் புதியதன்று. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை நாட்டில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதினால் தொழிலாளி உள்ளே செல்வான். மீண்டும் ஊதினால் வெளியே வருவான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என எல்லை வகுத்தது. 5 மணி நேரத்திற்குமேல் தொடர்ந்து உழைக்கலாகாதென்று இடையே அரைமணி ஓய்வும் விதித்தது. கணிப்பொறிக்கோ சங்கு இல்லை. அது பனியன் கம்பெனியிலிருந்து நம் தோட்பையிலேறி வீட்டிற்கும் வந்துவிடுகின்றது.

"பையருக்குப் பகல், நமக்கு இரவு, என் செய்வது?" என்று இளைஞர் வினவுவர். வினா நேரியதே. நியூயார்க்கில் காலை 10 மணியாகுங்கால், திருப்பூரில் அவர்தம் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஆதலின், இரவில் அறவே பார்க்கலாகாதென்று கூறேன். ஓர் அரைமணியை அதற்கென ஒதுக்கி, வந்த மின்னஞ்சல்களுக்கு விடையிறுத்து மூடிவிடுக. சரக்கு ஏற்றும் அவசரமாயின் தொலைபேசியில் அழைக்கட்டும். பின்னர் வருவனவற்றிற்கு மறுநாட் காலை 9 மணிக்கு விடை எழுதினால், அப்போது நியூயார்க்கில் முந்தைய நாளின் இரவு. லண்டன் மாநகரும் உறங்கிக் கொண்டிருக்கும். அவர்தம் அலுவலகம் திறக்குமுன் நம் விடை அங்கே காத்திருக்கும். இரவெல்லாம் விழித்திருந்தவன் இதனினும் மிகுதியாகப் பெறுவது யாது?

இனி, யான் கைக்கொண்டுள்ள எளிய பழக்கங்கள் சில கூறுவேன்.

முதலாவது, கணிப்பொறியைத் திறக்குமுன் செய்யவேண்டிய வேலையையும் எழவேண்டிய நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்க. வேலை முடிந்ததும் தாளைக் கிழித்தெறிந்து எழுக.

இரண்டாவது, மணியடிக்கும் கடிகாரத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைக்க. அதை நிறுத்தவேனும் எழுந்து நடக்க நேரும்.

மூன்றாவது, திரையை நோக்குங்கால் இமைப்பது குறைந்து கண் உலர்கின்றது. ஆதலின், 20 நிமிடத்திற்கொருமுறை 20 அடி தொலைவிலுள்ள ஒன்றை 20 விநாடி நோக்குக. கண் மருத்துவர் கூறும் எளிய முறை இது.

நான்காவது, படுக்கையறையிலும் உண்ணுமிடத்திலும் கணிப்பொறிக்கு இடங்கொடாதீர்.

ஐந்தாவது, கூலிக்கணக்கு எழுதும் நாம் இதற்கும் கணக்கெழுதுவோம். வேலைக்கு எத்துணை நேரம், வீணுக்கு எத்துணை நேரம் என்று இரு பத்தியாகக் குறித்துச் சனிக்கிழமைதோறும் கூட்டிப் பார்க்க. முதல் வாரத்தில் எனக்கு நாணமே மிஞ்சியது.

ஒருவன் தனித்து முயல்வது அரிதெனில், ஊரே கூடி முயன்ற செய்தியும் உண்டு. மகாராட்டிரத்தில், சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்னுஞ் சிற்றூரார் 2022இல் ஓர் ஏற்பாடு செய்தனர். மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணையும். சிறுவர் பாடம் படிப்பர். பெரியோர் தம்முள் உரையாடுவர். 8.30க்கு மீண்டும் சங்கு ஊதும். ஆலைக்காக ஊதிய சங்கை இல்லத்திற்காக ஊதினர் அவ்வூரார்.

ஊர்ச் சங்கு இல்லாவிடினும் வீட்டுச் சங்கு நம் கையில் உள்ளது. இன்றிரவே ஒரு நேரம் குறித்து மூடுங்கள். அருகே யாரேனும் ஏதேனும் சொல்லக் காத்திருக்கின்றனரா என்று திரும்பிப் பாருங்கள். 'பொறவு' என்று அவர்கள் எழுந்து செல்லுமுன் கேளுங்கள்.