கிண்ணம் அழகுக்கு இல்லை: சைக்கிளுக்குப் பழைய ஸ்டைல் ஹெட்லைட்

இன்னைக்கு கோடிங் இல்லை, ஏஐ இல்லை, சைக்கிள் மட்டும்தான். என் கஸ்டம் சைக்கிள் போட்டோவைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: "ப்ரோ, அந்த ஹெட்லைட் எங்க வாங்குனீங்க?" லிங்க் தரமாட்டேன். அந்த லைட்டை நான் கழற்றியாச்சு. ஏன் கழற்றினேன் என்பதுதான் இந்த எபிசோடு.

முதலில் சைக்கிள். 2012-ல் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் அது. முன்னாடி பாஸ்கெட் இருந்தது, லைட் இல்லை. காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு பாளையங்கோட்டை வீட்டு மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து, பிரித்து, கறுப்பில் பவுடர் கோட்டிங் அடித்தேன். வளைந்த ஹேண்டில் பார், பிரவுன் லெதர் சீட். கடைசியாக ஆன்லைனில் ஒரு க்ரோம் ஹெட்லைட். புல்லட் மாதிரி உருண்டை, மேலே குட்டியாக ஒரு சிம்னி. உள்ளே எல்இடி, மூன்று சின்ன பேட்டரி. பார்க்க செம. எனக்கே தினமும் ரெண்டு தடவை துடைக்கத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கால்வாய்க் கரை ரோடு, தெருவிளக்கு கிடையாது. எதிரே ஒரு பெரியவர் கேரியரில் புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்திருக்கிறார். அவரிடம் லைட் இல்லை. என் லைட்டோ நேராக அவர் கண்ணுக்குள் அடித்திருக்கிறது. நான் அவரைப் பார்த்தது கடைசி நிமிஷத்தில்தான். அவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினார். ஒதுங்கிய பக்கம் கால்வாய். சைக்கிளும் புல்லுக்கட்டும் தண்ணிக்குள் போய்விட்டன. அவர் கரையிலேயே விழுந்தார், முழங்கால் தேய்ந்து ரத்தம். நான் இறங்கி சைக்கிளை இழுத்துக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "லைட்ட கீழ எறக்கி வையில. நான் என்ன லாரியா, எம் மூஞ்சில அடிக்க?"

எனக்கு அன்றைக்கு உறைத்தது இன்னொரு விஷயம். அவ்வளவு வெளிச்சம் அடித்தும் ரோட்டில் இருந்த அவரை எனக்கு முன்கூட்டியே தெரியவில்லை. அப்படியென்றால் அந்த வெளிச்சம் எங்கேதான் போனது?

மறுநாள் காலையில் பாளையில் நான் வழக்கமாகப் போகிற சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி அந்த லைட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது லைட்டு இல்ல, மூக்குத்தி." ஒரு பழைய டப்பாவிலிருந்து டைனமோ காலத்து ஹெட்லைட் ஒன்றை எடுத்து, ரெண்டையும் பக்கத்தில் வைத்தார். வெளியே பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி. உள்ளேதான் வித்தியாசம்.

பழைய லைட்டின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம் அழகுக்கு வைத்தது இல்லை. அது ஒரு பரவளையம், நாம் பத்தாவதில் கணக்குப் பரீட்சைக்கு கிராஃப் ஷீட்டில் வரைந்தோமே, அதேதான். அதன் குவியத்தில் ஒரு புள்ளி வெளிச்சத்தை வைத்தால், கிண்ணத்தில் பட்டுத் திரும்பும் கதிர்கள் எல்லாம் ஒரே திசையில் நேராக வெளியே வரும். அந்தப் புள்ளிதான் பல்பின் இழை. அதை முன்னே பின்னே நகர்த்தி ஃபோகஸ் பண்ணச் சில லைட்டுகளில் ஒரு ஸ்க்ரூவே இருக்கும். என் ஆன்லைன் லைட்டில் எல்இடி முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. முக்கால்வாசி வெளிச்சம் கிண்ணத்தைத் தொடாமலேயே விசிறி மாதிரி விரிந்து வெளியே போய்விடும். கொஞ்சம் ரோட்டுக்கு, கொஞ்சம் மரத்துக்கு, கொஞ்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்கு. கிண்ணம் சும்மா நடிக்கிறது.

அந்தச் சிம்னியும் அப்படித்தான். சைக்கிள் லைட்டின் ஆரம்பம் எண்ணெய் விளக்கு. பர்மிங்காமில் ஜோசப் லூக்காஸ் 1880 வாக்கில் 'கிங் ஆஃப் த ரோடு' என்ற பெயரில் விளக்கு விற்றார். அப்புறம் கார்பைடு விளக்கு வந்தது. கல் மேல் தண்ணீர் சொட்டும், அசிட்டிலின் வாயு வரும், அது எரியும். சூடும் புகையும் வெளியே போக மேலே துவாரம் வேண்டும். இன்றைக்கு எல்இடிக்கு எந்தப் புகை வெளியே போக வேண்டும்? (அந்த லூக்காஸ் கம்பெனிதான் பிறகு 1960களின் தொடக்கத்தில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் ஆனது. மதுரையில் பஸ் ஓட்டிய டிவிஎஸ்தான்.)

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது ஆச்சி, "தாத்தா லைட்டு பரண்ல கெடக்கே" என்றார்கள். தாத்தா விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். தாமிரபரணித் தண்ணியை நம்பிப் பாபநாசத்தில் வந்த மில் அது. வீடு அம்பாசமுத்திரத்தில். ஷிப்ட் முடிந்து நடுராத்திரி சைக்கிளில் வருவார். தெரு முனையில் டைனமோ டயரில் உரசும் 'உய்ங்' சத்தம் கேட்டதும் ஆச்சி எழுந்து அடுப்பு பற்ற வைப்பார்களாம். ஷிப்ட் விடும் நேரம் ரோட்டில் வரிசையாக மஞ்சள் லைட் வருமாம். அப்போது லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்லும் கதை. அந்தப் பயம் போனதோடு லைட்டும் போய்விட்டது. அந்தப் புல்லுக்கட்டுப் பெரியவரிடமும் லைட் இல்லையே.

சரி, தாத்தா லைட்டையும் டைனமோவையும் என் சைக்கிளில் மாட்டினேன். சக்கரம் சுற்றுகிறது, லைட் எரியவில்லை. ரெண்டு சாயங்காலம் போனது. பல்பு ஓகே, டைனமோ ஓகே, வயர் ஓகே. வேலையில் இதைத்தான் 'என் மெஷினில் ஓடுதே' என்போம். கடைசியில் மல்டிமீட்டரை வைத்தால்தான் புரிந்தது. டைனமோவிலிருந்து லைட்டுக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்பு பாடிதான். அதற்காகவே கிளாம்பில் கூரான ஒரு ஸ்க்ரூ உண்டு, பெயின்ட்டைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்க. நான் ஆசை ஆசையாக அடித்த பவுடர் கோட்டிங் அதைவிடத் தடி. எர்த் கிடைக்கவில்லை. ஸ்க்ரூ படும் இடத்திலும் லைட் பிராக்கெட் உட்காரும் இடத்திலும் சுரண்டியதும் பளிச். மனசு வலித்தது, ஆனால் எரிந்தது.

அடுத்த தப்பு. டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்பு 2.4 வாட், பின் பல்பு 0.6 வாட். ரெண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரி. பின்னாடி லைட் அசிங்கமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்து இறக்கத்தில் வேகம் ஏறியதும் முன் பல்பு ஒரு நொடி வெள்ளையாகப் பளீரென்று மின்னி, போயே போச்சு. பின் பல்பின் பங்கையும் அதுவே வாங்கிக்கொண்டது. அண்ணாச்சியிடம் போனேன். "ரெண்டு பேரு சாப்பாட்ட ஒருத்தனுக்குப் போட்டா வவுறு வெடிக்கத்தான் செய்யும்" என்றார். டப்பாவில் இருந்த நாலு பல்பில் ரெண்டைக் கொடுத்தார். இப்போது பின்னாலும் லைட் இருக்கிறது.

எல்இடிதான் வேண்டும் என்பவர்களுக்கு: டைனமோ தருவது ஏசி. நடுவில் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் கெபாசிட்டரும் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேல் பக்கம் வெளிச்சத்தை வெட்டும் கட்-ஆஃப் உள்ள லைட்டாகப் பாருங்கள். ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்கு இது சட்டமே. 10 மீட்டரில் 10 லக்ஸ் ரோட்டில் விழ வேண்டும், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. அந்த மாதிரி லைட்டின் உள்பாகத்தை எடுத்துப் பழைய க்ரோம் கூட்டுக்குள் உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேகமாக ஓட்டுபவர்களுக்கு அதுதான் சரி. தாத்தாவின் மஞ்சள் பல்பு என் 15 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் போதும், அதற்கு மேல் போதாது. நெல் அறுப்பு சமயத்தில் பூச்சி முகத்தில் அடிக்கும்போது அதற்கு மேல் யார் ஓட்டப் போகிறார்கள் என்பது வேறு.

எந்த லைட்டாக இருந்தாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட் எவ்வளவு உயரம் என்று அளங்கள். என்னுடையது 80 சென்டிமீட்டர். சுவரில் அதில் பாதி, 40 சென்டிமீட்டரில் வெளிச்சத்தின் நடு விழ வேண்டும். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டரில் போய் விழும். டைனமோ என்றால் ஒருத்தர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையைத் தம்பி செய்தான், ஒரு புரோட்டா செலவு. ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள், இறுக்கும்போது அது மேலே பார்த்துவிடும். கிளாம்புக்கு உள்ளே பழைய ட்யூப்பை வெட்டிச் சுற்றினால் குலுக்கலில் அசையாது. ஆனால் எர்த் போகும் இடத்தில் ரப்பரை வைத்துவிட்டு எனக்கு மெசேஜ் பண்ணாதீர்கள்.

டைனமோவின் ஒரே தொல்லை, நின்றால் அணைந்துவிடும். வண்ணார்பேட்டை சிக்னலில் நான் இருட்டில் நிற்கிறேன். அதற்காகப் பின்னால் ஒரு சின்ன பேட்டரி லைட்டும் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வெள்ளை அடித்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அது பின்னால் வரும் வண்டிக்காரனுக்காக. நான் அதையும் சேர்த்துக் கறுப்பாக்கி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கி, பிரஷ்ஷால் கையாலேயே அடித்தேன். ஓரம் கொஞ்சம் கோணல்.