புதன் வாங்கிய அடி



ஜாதகத்தில் புதன் நல்ல இடத்திலிருந்தால் புத்தி வளரும் என்று சோசியர் சொல்லிப் பணம் வாங்குகிறார். அந்தப் புதன் வாங்கிய அடியைப்பற்றியே சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன்.

சற்றேறக்குறைய 380 கோடி வருஷங்களுக்கு முன் ஒரு பெரும் பாறை வந்து அதன்மேல் மோதிற்று. ஏற்பட்ட பள்ளத்தின் குறுக்களவு சுமார் 1,550 கிலோமீட்டர். அந்தக் கிரகத்தின் குறுக்களவே 4,880 தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சுற்றிலும் 2 கிலோமீட்டர் உயரம்வரை மலைகள் கிளம்பின. நேர் எதிர்ப்புறத்து நிலமுங்கூடத் தாறுமாறாக உடைந்து கிடக்கிறது. மோதலின் அதிர்ச்சி அங்கே போய் ஒன்றுகூடியதால் இருக்கலாம் என்கிறார்கள். அரித்தழிக்க மழையுமில்லை, காற்றுமில்லை. ஆகவே வடு அப்படியே இருக்கிறது. அதற்குக் கலோரிஸ் என்று பெயர்.

இச்சங்கதி எப்படித் தெரிந்தது? மாரினர் 10 என்னும் அமெரிக்க விண்கலம் 1974, 1975 வருஷங்களில் மூன்று தடவை புதனருகே சென்றது. மூன்று தடவையும் வெயில் ஒரே பக்கத்தில்தான்! பள்ளத்தில் பாதி இருட்டிலிருந்தது. தெரிந்த பாதியைக்கொண்டு 1,300 கிலோமீட்டர் இருக்கலாமென்று மதிப்பிட்டார்கள். 2008இல் மெசஞ்சர் என்னும் விண்கலம் மறுபாதியைப் படமெடுத்தது. கணக்கைத் திருத்தினார்கள். அதனால் யாருக்கும் மானம் போய்விடவில்லை.

நம் சோசியரோ பாதியும் பார்த்தவரல்ல. ஆனால் புதனைப்பற்றி முழுதும் தெரிந்தவர்! பரிகாரமென்று பச்சைப்பயறும் பச்சைத்துணியும் அவர் கேட்க வந்தால், அந்தப் பள்ளம் எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.