படுக்கப் போகுமுன் ஒரு கால்மணி நேரம்



"செபம் பண்ண ஆசைதான், நேரம்தான் கிடைக்கமாட்டேங்குது." கோவிலுக்குத் தவறாமல் வருகிறவர்களிடமே இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பேருந்து பிடித்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் சொல்லும்போது, அதைச் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கே பொருத்தமான ஒரு செபமுறை கிறிஸ்தவ மரபில் இருக்கிறது: ஆன்ம சோதனை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் செய்வது என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு அதோடு பழக்கம். அன்றாடம் செய்வதற்கென்று அதற்கு ஓர் ஒழுங்கை எழுதி வைத்தவர் லொயோலா ஊர்ப் புனித இஞ்ஞாசியார்.

அவர் முதலில் படைக்களத்து மனிதர். 1521-ஆம் ஆண்டு பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, சொந்த வீட்டில் படுத்த படுக்கையானார். படிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அவற்றைப் படித்தார். இடையிடையே பழைய கனவுகளும் வந்தன: வாள், புகழ், உயர்குலத்துப் பெண் ஒருத்தி. அந்தக் கனவுகள் ஓடும்வரை இனித்தன. ஓய்ந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப்போல வாழ்ந்தால் என்ன என்று நினைத்த நேரங்களிலோ, நினைப்பு போன பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டை அவர் கவனித்தார். ஆண்டவர் தம்மோடு எப்படிப் பேசுகிறார் என்பதை அவர் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்தப் படுக்கையில்தான்.

அடுத்த ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் தங்கியபோது வேறொரு பாடமும் கிடைத்தது, கசப்பான பாடம். பழைய பாவங்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார். சங்கீர்த்தனத்தில் சொன்னதையே மறுபடியும் சொன்னார். அப்படியும் அமைதி வரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று தோன்றும் அளவுக்கு வதைபட்டார். தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கும் பக்தி ஆளையே தின்றுவிடும் என்பதை அனுபவித்து மீண்டவர் அவர். ஆன்ம சோதனை என்றாலே பயப்படும் அன்பர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இந்தச் சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. முதற்படி பாவத்தைத் தேடுவது அல்ல, நன்றி சொல்வது. பெற்ற நன்மைகளுக்காக முதலில் இறைவனுக்கு நன்றி. அதன்பிறகு, என்னை நான் உள்ளபடி பார்க்க அருள் தாரும் என்று கேட்பது. மூன்றாவதாகத்தான், எழுந்த நேரத்திலிருந்து மணிமணியாக அந்த நாளை நடந்து பார்ப்பது. நான்காவதாக மன்னிப்பு, ஐந்தாவதாக நாளைக்கான உறுதி, அதன் முடிவில் கர்த்தர் கற்பித்த செபம்.

ஒரு செவிலியரை எடுத்துக்கொள்வோம். இரவு வீடு வந்து, சாப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நன்றி சொல்ல என்ன இருக்கிறது? நான்கு நாளாகக் கஞ்சியைத் தொடாத பெரியவர் இன்று தாமாகவே இரண்டு இட்லி சாப்பிட்டார். கூட வேலை பார்க்கும் தங்கச்சி, "அக்கா, நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். இவற்றைப் பெயர் சொல்லி ஆண்டவர்முன் வைக்கிறார். பிறகு நினைவில் காலை பதினொரு மணிக்கு வருகிறார். மாத்திரையைப் பற்றி இரண்டாம் முறை கேட்ட கிராமத்து அம்மாவிடம் எரிந்து விழுந்தது நினைவுக்கு வருகிறது. அந்த அம்மாவின் முகம் சுருங்கியதும் இப்போதுதான் தெரிகிறது. நன்றி சொல்லி நெகிழ்ந்த மனத்துக்கு அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் இருக்கிறது. நாளை வார்டுக்குள் போனதும் முதலில் அந்தக் கட்டிலுக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்கிறார். மொத்தம் ஒரு கால்மணி நேரம்.

ஒரே குறையோடு நெடுநாளாகப் போராடுகிறவர்களுக்கு இஞ்ஞாசியார் தனி வழியும் சொன்னார். நாள் ஒன்றுக்கு இரண்டு கோடு போட்டு, மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை, தவறிய தடவைகளைப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். தவறிய அந்தக் கணத்திலேயே, பக்கத்திலிருப்பவர் அறியாமல், நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். வாயை அடக்க முடியாமல் தவிக்கும் யாருக்கும் இதைத் துணிந்து பரிந்துரைப்பேன். ஆனால் மன்ரேசாவில் அவர் பட்ட வதை யாருக்கு இருக்கிறதோ, அவர்கள் புள்ளி வைக்க வேண்டாம். அவர்களுக்கு நன்றி மட்டும் போதும்.

இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபைக்கு 1540-இல் திருத்தந்தை ஒப்புதல் அளித்தார். மற்றத் துறவிகள்போல் நேரந்தோறும் ஒன்றுகூடிச் சங்கீதம் பாடும் கடமையை இஞ்ஞாசியார் தம் சபையினர்மேல் வைக்கவில்லை. எங்கு வேண்டுமானாலும் போய் உழைக்கவேண்டியவர்கள் அவர்கள். ஆனால் தினம் இருமுறை ஆன்ம சோதனையை வைத்தார். 1534-இல் பாரிசில் அவரிடம் ஆன்மீகப் பயிற்சிகளைச் செய்தவர்தான், 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கூட்டி, தமிழாக்கிய செபங்களைச் சொல்லிக்கொடுத்தவர். ஞானஸ்நானம் கொடுத்தே கை சோர்ந்துபோகும் என்று எழுதியவர். ஆன்ம சோதனை வேலை மிகுந்தவர்களின் செபம் என்று நான் சொல்வதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அன்பு நேயர்களே, இன்றிரவு கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு முதற்படியை மட்டுமாவது செய்து பாருங்கள். பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று முடித்துவிடாதீர்கள். இன்று நடந்த ஒன்றை, இன்று சந்தித்த ஒருவரை, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். மற்ற நான்கு படிகளையும் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.